நூலகத் தளத்தில் தமிழில் தேடினால் ஒன்றும் வரவில்லையா?

பாளையங்கோட்டையில் உங்கள் கல்லூரி நூலகத் தளத்தில் 'தாமிரபரணி' என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை என்கிறீர்கள். புத்தகம் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள் தம்பி. பதிந்தவர் தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்; அதிலும் ஒருவர் 'டி' போட்டால் இன்னொருவர் 'டிஎச்' போடுவார். நான் படித்த இடத்தில் ஒரே புத்தகம் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு தடவை கிடந்தது. அதனால் ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாகவும் தேடுங்கள்; ஆசிரியர் பெயரையும் இனிஷியல் இல்லாமல் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளம் போதும். படிக்கப் பயனர் கணக்கே வேண்டாம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் அதில் உண்டு. ஆய்விதழ்களுக்கு, கல்லூரிகளுக்கான மின்நூலகச் சேவையான என்-லிஸ்ட். கல்லூரி அதில் சேர்ந்திருந்தால் நூலகரிடம் கணக்கு கேட்டு வாங்குங்கள், வீட்டிலிருந்தே படிக்கலாம். இதையெல்லாம் தளத்தில் தேடாதீர்கள். பெரும்பாலும் அங்கே ஆண்டு விழாப் படம்தான் ஓடிக்கொண்டிருக்கும்.