அண்ணன் கொடுத்த முத்தத்தால் வந்ததா?

கேள்வி: தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்த என் 6 வயது மகளுக்கு, 9 வயது அண்ணனின் எலும்பு மஜ்ஜையை ஏற்றி 40 நாள் ஆகிறது. போன வாரம் அவளைப் பார்க்க வந்த அண்ணன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டான். இப்போது ரத்தத்தில் 'சிஎம்வி' வைரஸ் இருக்கிறதாம். காய்ச்சல்கூட இல்லை, ஆனாலும் ட்ரிப்ஸில் மருந்து ஏற்றுகிறார்கள். "என்னாலதானேம்மா?" என்று பையன் அழுகிறான்.
- வாசகி, மதுரை

பதில்: இன்றைக்கே பையனை மடியில் உட்கார வைத்துச் சொல்லுங்கள் அம்மா, "உன் முத்தத்தால் வந்ததில்லைடா" என்று. நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சிஎம்வி வந்துவிடுகிறது. சாதாரண சளி, காய்ச்சலோடு போனதுபோல் இருக்கும். ஆனால் உடம்பை விட்டுப் போவதில்லை, ஒளிந்து கிடக்கும். புது மஜ்ஜை இன்னும் பிஞ்சு. அதை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காகக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தும் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறது. காவல் இல்லாத அந்த நேரம் பார்த்து வைரஸ் தலைதூக்குகிறது. முதல் 100 நாளில் இதை டாக்டர்கள் நாங்கள் எதிர்பார்த்தே இருப்போம். வாராவாரம் ரத்தத்தில் வைரஸைத் தேடும் பிசிஆர் பரிசோதனை எடுப்பது அதற்காகத்தான்.

காய்ச்சல் இல்லாதபோதே மருந்து எதற்கு? வைரஸ் நுரையீரலில் இறங்கிவிட்டால் பிள்ளையை மீட்பது கடினம். ரத்தத்தில் தெரியும்போதே அடக்கிவிட வேண்டும். ட்ரிப்ஸில் ஏற்றும் கான்சைக்ளோவிர் மருந்து ஆரம்பித்த முதல் வாரத்தில் வைரஸ் எண்ணிக்கை கொஞ்சம் ஏறினாலும் பதறாதீர்கள், பிறகு இறங்குவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். பிஞ்சுக் கையில் மறுபடியும் ஊசியா என்று உங்களுக்கு வலிக்கும், ஆனாலும் ஒன்றையும் தவற விடாதீர்கள்.

வீட்டுக்குப் போகும்போது இதே வைரஸுக்கு வால்கான்சைக்ளோவிர் மாத்திரை தரக்கூடும். நம் வீடுகளில் மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்போம் இல்லையா? இதை அப்படிச் செய்யவே கூடாது. அந்தத் தூள் கையில் பட்டாலே நல்லதல்ல, கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் வார்டிலேயே சொல்லுங்கள், திரவ வடிவில் தர வழி பார்ப்பார்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து வேண்டாம். அதிலிருக்கும் உயிருள்ள வைரஸ் மலத்தில் பல வாரம் வெளியேறும், மகளுக்குத் தொற்றிவிடலாம். ஊசியாகப் போடச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்து, மகள் அவர்கள் பக்கத்தில் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ராத்திரி 2 மணியானாலும் கிளம்பிவிடுங்கள்.

அண்ணன் வரட்டும். சளி இல்லாத நாளாகப் பார்த்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, மாஸ்க்கோடு. முத்தம் மட்டும் கொஞ்ச நாள் கழித்து.