பாதி சர்வேயை ஏஐ நிரப்பித் தந்தால் போதுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி, வணிகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர், கேட்கிறார்: யூபிஐ வந்த பிறகு சிறு கடைகளில் கடன் கொடுப்பது குறைந்திருக்கிறதா என்று 400 கடைக்காரர்களிடம் கேட்கத் திட்டம், பாதிதான் முடிந்திருக்கிறது. கையில் இருக்கும் பதில்களை ஏஐயிடம் கொடுத்து வகை பிரிக்கலாமா? மீதியை ஏஐ வைத்தே நிரப்பித் தருவதாக ஒரு ப்ராஜெக்ட் சென்டர் சொல்கிறதே, சரியா?

வகை பிரிக்க தாராளமாகப் பயன்படுத்துங்கள். பொருளாதார ஆய்வாளர்கள் பலர் இப்போது இதைச் செய்கிறார்கள். ஆனால் "கடனைக் குறைச்சுட்டேன், தெரிஞ்சவங்களுக்கு மட்டும் இல்லைன்னு சொல்ல முடியல" என்ற பதிலை ஏஐ தயங்காமல் ஏதோ ஒரு வகையில் போட்டுவிடும். அதனால் முதலில் ஒரு ஐம்பது பதில்களை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, அதே ஐம்பதை ஏஐக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். பெயர், போன் நம்பரை முன்பே நீக்கிவிடுங்கள். எந்த மாடல், என்ன கட்டளை, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள்.

நிரப்பித் தரும் விஷயம் மோசடி, வேறு பெயரே இல்லை. இந்த சென்டர்காரர்கள் தரும் தரவில் எல்லாக் கருதுகோளும் அழகாக நிரூபணமாகும், கடைக்காரர் ஒருவர்கூட முரண்டு பிடிக்க மாட்டார். "10 சதவீதத்துக்குள் முடித்துத் தருகிறோம்" என்பார்கள். அந்த 10, யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியில் வரும் வாசக ஒற்றுமைக்கான வரம்பு, அதாவது மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகலாம் என்பது. கடைகள் உண்மையில் இருக்கின்றனவா என்று அந்த ஒற்றுமையைக் கணக்கிடும் மென்பொருள் பார்ப்பதில்லை, பல இடங்களில் யாருமே பார்ப்பதில்லை. ஒற்றுமை வரம்புக்குள் இருக்கிறது என்ற சான்றிதழை இணைத்தால் போதும், நிரப்பிய கேள்வித்தாளைக் காட்டு என்று கேட்க ஆளில்லை. இந்த அலட்சியத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

மாட்டமாட்டோம் என்று நினைக்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஏஐ வந்ததும் கண்டுபிடிப்புகள் பெருகின என்று 2024-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பொருளாதார மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையை, அந்த ஆண்டு பொருளாதார நோபல் வாங்கிய டேரன் அசெமோக்லுவே பாராட்டியிருந்தார். 2025 மே மாதம் அதன் தரவில் நம்பிக்கை இல்லை என்று எம்ஐடி வெளிப்படையாக அறிவித்தது.

ஏஐ பதில் சொல்வதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் இந்த சென்டர்காரர்கள் திரித்துச் சொல்கிறார்கள். ஜான் ஹார்ட்டன் போன்ற பொருளாதார ஆய்வாளர்கள் ஏஐயை மனிதர் போல நடிக்க வைத்துப் பொருளாதாரப் பரிசோதனைகள் செய்திருக்கிறார்கள். அங்கே பதில் சொல்வது இயந்திரம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும், ஆய்வுப் பொருளே அதுதான். நீங்கள் அடுத்த ஆய்வில், களத்துக்குப் போகும் முன், இதைச் செய்யலாம்: "நீ ஒரு மளிகைக் கடைக்காரர்" என்று சொல்லி உங்கள் கேள்விகளைக் கேட்டு, எந்தக் கேள்வி குழப்புகிறது, எது பதிலைத் திணிக்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். அப்புறம் அந்தப் பதில்களை அழித்துவிடுங்கள். ஒன்றுகூட உங்கள் எண்ணிக்கையில் சேரக்கூடாது, ஒப்பீட்டு அட்டவணையிலும் வரக்கூடாது.

மீதிக் கடைகளுக்குப் போக முடியாவிட்டால் 200 பேரோடு நிறுத்தி, மாதிரி அளவு ஏன் குறைந்தது என்று ஆய்வேட்டிலேயே எழுதலாம். நெறியாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். சென்டரில் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அசல் கேள்வித்தாள்களை முதலில் திரும்ப வாங்குங்கள்.