பிள்ளை பார்க்கும் வீட்டுக்கு எந்தக் காசு வரும்? ஒன்ராறியோ கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் என் வீட்டிலேயே பதினொரு ஆண்டுகள் பிள்ளை பார்த்தேன். முதல் நான்கு ஆண்டு உரிமம் இல்லாமல், மீதி ஏஜென்சி ஒன்றின் கீழ், அதாவது இப்படியான வீடுகளைச் சேர்த்து மேற்பார்க்கும் உரிமம் பெற்ற அமைப்பு ஒன்றின் கீழ். இப்போது அப்படியான வீடுகளுக்குப் போய்ப் பார்வையிடுவது என் வேலை. அரசு உதவி பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் நான்கு பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஏஜென்சி, உரிமம் எதுவும் இல்லை. பெற்றோரின் கட்டணத்தை நாளுக்குப் பத்து டொலராகக் குறைக்கப் பார்க்கும் திட்டத்துக்கு அரசு அள்ளிக் கொடுக்கிறது என்கிறார்கள். எனக்கு ஏன் ஒரு சதமும் வரவில்லை?

பதில்: தங்கச்சி, அந்தக் காசுக்கு ஒரே வாசல்தான். அதன் பெயர் உரிமம். அந்தத் திட்டத்துக்காக மத்திய அரசோடு ஒன்ராறியோ 2022 மார்ச் 28 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாகாணங்களில் கடைசியாகச் சேர்ந்தது நாம்தான். அந்த ஒப்பந்தத்தின் பயன் திட்டத்தில் சேர்ந்த உரிமம் பெற்ற நிலையங்களுக்கும், உரிமம் பெற்ற ஏஜென்சிகளின் கீழ் இருக்கும் வீடுகளுக்கும் மட்டுமே. அங்கே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் கட்டும் அடிப்படைக் கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளுக்கு 22 டொலருக்கு மேல் போகக்கூடாது. மிச்சத்தை அரசு பிராந்திய நிர்வாகம் வழியாக நிரப்புகிறது. ஆகவே உங்கள் பெயருக்குக் காசோலை வரும் என்று காத்திருக்காதீர்கள். இது பெற்றோரின் கட்டணம் குறைவதால் விழும் பள்ளத்தை நிரப்பும் பணம்.

நீங்கள் செய்வது சட்டவிரோதம் அல்ல, பயப்பட வேண்டாம். உரிமம் இல்லாமலும் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பேர் வரை பார்க்கலாம். அதில் இரண்டு வயது நிரம்பாதவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. உங்கள் சொந்தப் பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லை என்றால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். இது உரிமம் பெறாத இடம் என்று பெற்றோருக்கு எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்தத் தாளை வைத்திருக்கும் வீட்டை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஏஜென்சியில் சேர்ந்தால் நம் சுதந்திரம் போய்விடும், காசிலும் வெட்டு விழும் என்று தோழி சொல்கிறாள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நானும் அதே காரணத்துக்காகத்தான் நான்கு ஆண்டு வெளியே நின்றேன்.

ஏஜென்சிக்கு ஒரு பங்கு போகும். அது ஏஜென்சிக்கு ஏஜென்சி வேறுபடும். ஆகவே "ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு என் கைக்கு எவ்வளவு வரும்" என்ற ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பிள்ளை நோயாகி வராத நாள், அரசு விடுமுறை, உங்கள் சொந்த விடுமுறை ஆகியவற்றுக்குக் காசு உண்டா என்பதையும் அதே தாளில் கேளுங்கள். வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கென்று ஒரு ஊக்கத்தொகையும் இருந்து வந்திருக்கிறது: முழுநேரம் பார்ப்பவருக்கு நாளுக்கு 20 டொலர் வரை, பகுதிநேரத்துக்கு 10 வரை. 2025 இல் நிதி கொடுக்கும் முறையே செலவின் அடிப்படைக்கு மாறியதால், அந்தத் தொகை உங்கள் தினக் கட்டணத்துக்குள் அடங்குகிறதா, தனியாக வருகிறதா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

வருமானத்தைப் பார்த்து நகரசபை கொடுக்கும் கட்டணச் சலுகை இன்னொன்று. அது பெற்றோருக்குரியது. ஆனால் நகரசபையோடு ஒப்பந்தம் உள்ள உரிமம் பெற்ற இடத்தில்தான் அதைப் பயன்படுத்த முடியும். தாய்க்கு வேலை போனால் பிள்ளையும் உங்களை விட்டுப் போய்விடும் நிலைமையை இது பல வீடுகளில் தடுத்திருக்கிறது. விசேட தேவையுள்ள பிள்ளைக்கு உதவியாளர் வந்து வழிகாட்டும் சேவையும் இந்த வாசலுக்கு உள்ளேதான்.

சுதந்திரம் பற்றி: மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் ஒருவர் வந்து பார்ப்பார். வாசலில் சப்பாத்துகளைத்தான் முதலில் எண்ணுவேன். ஏஜென்சி வீட்டில் ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். ஒரு வீட்டில் ஏழு சோடிக் குட்டிச் சப்பாத்துகள் இருந்தன. உள்ளே ஆறு பேர் சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவது பிள்ளை படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தது. "பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டுப் போனவள்" என்றார் அந்த அம்மா. ஒரு மணித்தியாலமும் எண்ணிக்கைதான். உதவி செய்யப் போய் ஏஜென்சியில் இருந்த இடத்தை இழந்தவர்கள் உண்டு. எண்ணிக்கையை மீறிய குற்றம் நீதிமன்றம் வரை போனால் அபராதம் 250,000 டொலர் வரை என்று சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: சேர்வதற்கு என்னென்ன வேண்டும்?

பதில்: குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சியும் சேர்ந்த முதலுதவிச் சான்றிதழ், வீட்டில் வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பொலிஸ் சான்று, உங்களுக்கு மருத்துவச் சான்றும் தடுப்பூசி விவரமும், காப்புறுதி. பொலிஸ் சான்றுதான் இழுத்தடிக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் மகனையும் மறக்க வேண்டாம். கட்டில், தள்ளுவண்டி, உயர நாற்காலி போன்றவற்றைச் சில ஏஜென்சிகள் இரவலாகத் தரும், கேளுங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பயிற்றப்பட்ட ஆசிரியை, பதினாறு ஆண்டு ஆரம்பப் பிரிவில் படிப்பித்தேன். இங்கே டேகேரில் உதவியாளராக இருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் இளம் பிள்ளைக்குச் சம்பளம் கூடியது, எனக்குக் கூடவில்லை. இது என்ன நியாயம்?

பதில்: ரீச்சர், உங்கள் கோபம் சரியானது. விதியை மட்டும் சொல்கிறேன். அரசு நிர்ணயித்த சம்பள அடிமட்டம் பதிவுபெற்ற ஆரம்பக் குழந்தைக் கல்வியாளருக்கு மட்டுமே. திட்டம் தொடங்கியபோது மணிக்கு 18 டொலராக இருந்தது, 2024 இல் 23.86 ஆனது, 2025 இல் 24.86, 2026 இல் 25.86. அந்த இளம் பிள்ளை பதிவுபெற்றவர். உதவியாளர் என்ற பெயரில் இருக்கும்வரை இந்த ஏணி உங்களுக்கு இல்லை. அனுபவத்தை இது கணக்கில் எடுப்பதில்லை. இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

பதிவு செய்யும் அமைப்பின் பெயரில் கல்லூரி என்று இருக்கும். அங்கே பாடம் நடப்பதில்லை. தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை அது. வெளிநாட்டில் படித்தவர்களின் தகைமையைத் தனித்தனியாக மதிப்பிடும் வழி அங்கே உண்டு. உங்கள் ஆசிரியர் பயிற்சியின் பாடவிவரம் முக்கியம். அது பிறப்பு முதல் பன்னிரண்டு வயது வரையான வளர்ச்சியை எவ்வளவு தொட்டது என்று பார்ப்பார்கள். சான்றிதழ் மட்டும் போதாது, பாட விவரக்கொத்தையும் ஊரிலிருந்து எடுப்பியுங்கள். ஊரில் யாராவது நேரில் போனால்தான் அந்தக் கடதாசி நகரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மதிப்பீட்டில் முழுதாக ஏற்கப்படாவிட்டால் குறையும் பாடங்களைப் படிக்கலாம். உரிமம் பெற்ற இடத்தில் வேலை செய்துகொண்டே ஆரம்பக் குழந்தைக் கல்வி டிப்ளோமா படிப்பவர்களுக்கு, கல்விக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் மாகாணத்தின் தகைமை மேம்பாட்டு உதவித்தொகை இருக்கிறது. கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. பகுதிநேரமாகப் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். நான் பார்த்தவரை நம் பெண்கள் மிகக் குறைவாகக் கேட்கும் காசு இதுதான்.

கேள்வி: பெற்றோர் காசாகத் தருகிறார்கள், ரசீது கேட்பதில்லை. வரியில் காட்டாவிட்டால் என்ன?

பதில்: இன்றைக்கு மிச்சம், நாளைக்கு நட்டம். காட்டாத வருமானத்துக்கு கனடா ஓய்வூதியத்தில் ஒரு சதமும் சேராது. வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் உங்களுக்கு வருமானமே இல்லை என்பார்கள். பெற்றோர் இன்று கேட்காவிட்டாலும் ஏப்ரலில் கேட்பார்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரை அவர்கள் கழிக்கலாம், அதற்கு உங்கள் சின் இலக்கத்தோடு (சமூகக் காப்புறுதி இலக்கம்) ரசீது வேண்டும். அவர்கள் போட்ட அந்த இலக்கம் வரித்துறையில் உங்களைத் தேடி வரும்.

முறையாகக் காட்டினால் கழிக்கவும் நிறைய இருக்கிறது. உரிமம் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிள்ளைகளின் சாப்பாடு, பொம்மை, கைதுடைக்கும் தாள், அவர்களுக்காக மட்டும் வாங்கியவை முழுதாகக் கழியும். வீட்டுச் செலவு இரண்டு படியாகக் கழியும். வீட்டின் 40 சதவீதப் பரப்பைப் பிள்ளைகள் பாவிக்கிறார்கள், நாளுக்கு 11 மணித்தியாலம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வையுங்கள். வாரத்தின் 168 மணித்தியாலத்தில் 55 என்பது சுமார் 33 சதவீதம். 40 இல் 33 சதவீதம் என்றால் ஏறத்தாழ 13 சதவீதம். வாடகை அல்லது கடன் வட்டி, சொத்துவரி, மின்சாரம், சூடாக்கும் எரிவாயு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 டொலர் என்றால் சுமார் 3,900 டொலர் கழிக்கலாம். கடனின் முதலைக் கழிக்க முடியாது.

நான் குளிர்சாதனப் பெட்டியின் பிடியில் நூல் கட்டிய கொப்பி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். பிள்ளை வந்த நேரம், போன நேரம், அன்று வாங்கிய பால். கடை ரசீதின் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வீட்டுக்குத் தேய்மானமும் கழிக்கலாம் என்கிறார் மச்சான்.

பதில்: மச்சான் சொல்வது சட்டப்படி முடியும். ஆனால் வீட்டை விற்கும்போது அந்தப் பகுதிக்கு மூலதன ஆதாய வரி விலக்குப் போய்விடக்கூடும். சில நூறு டொலருக்காக இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) இலக்கம் எடுக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. 14 வயது வரையான பிள்ளைகளை 24 மணித்தியாலத்துக்குக் குறைவாகப் பார்க்கும் சேவைக்கு அந்த வரி கிடையாது.

கேள்வி: நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து மார்க்கம் நகரில் கடைத்தொகுதி ஒன்றில் டேகேர் திறக்க நினைக்கிறோம். அரசுப் பணம் கிடைக்குமா?

பதில்: வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா தம்பி? போடவில்லை என்றால் நல்லது. புதிய இடங்களுக்கான நிதி யாருக்கு, எந்தப் பகுதிக்கு என்று மார்க்கம் அடங்கும் யோர்க் பிராந்தியத்தின் நிர்வாகம் தீர்மானிக்கிறது. மாகாணத்தில் இப்படி 47 நிர்வாகங்கள் உண்டு. மத்திய ஒப்பந்தத்தின்படி இடங்களில் குறைந்தது 70 சதவீதம் இலாப நோக்கற்றவையாக இருக்க வேண்டும் என்பதால் தனியார் நிலையங்களுக்கு ஒதுக்கீடு இறுக்கம். உரிமம் கிடைத்தாலும் நிதி ஒதுக்கீடு கிடைக்கும் என்று இல்லை; இரண்டும் வேறு வேறு மேசைகள். நிதி இல்லாமல் திறந்தால், பக்கத்தில் 22 டொலருக்குப் பார்க்கும் நிலையத்தோடு போட்டி போட வேண்டிவரும். முதலில் பிராந்திய அலுவலகம், பிறகுதான் கட்டட உரிமையாளர்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒருவர் 600 டொலர் தந்தால் டேகேர் கிராண்ட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன எந்த உதவிக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. உங்கள் சின் இலக்கத்தையும் அவருக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது. மகள் வேலைக்குப் போக, பேத்தியை நான்தான் பார்க்கிறேன். மகள் காசு தரலாமா? என் பென்சன் வெட்டுப்படுமா?

பதில்: தரலாம் அம்மா. உறவினர் பார்ப்பதற்கு உரிமம் பற்றிய கேள்வியே இல்லை. நீங்கள் ரசீது கொடுத்தால் மகளோ மருமகனோ, பெரும்பாலும் இருவரில் வருமானம் குறைந்தவர், வரியில் கழிக்கலாம். காசு உண்மையாகவே கைமாற வேண்டும். வங்கி வழியாக வந்தால் நல்லது. நீங்கள் அதை உங்கள் வருமானமாகக் காட்ட வேண்டும்.

முதியோர் ஓய்வூதியத்தோடு வருமான உத்தரவாதக் கொடுப்பனவும் எடுக்கிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். உழைத்த வருமானத்தில் முதல் 5,000 டொலரை அவர்கள் எண்ணுவதில்லை, அடுத்த 10,000 இல் பாதியைத்தான் எண்ணுவார்கள். மகள் மாதம் 400 டொலர் தந்தால் ஆண்டுக்கு 4,800, அந்தக் கொடுப்பனவில் கை வைக்க மாட்டார்கள். 500 ஆக்கினால் 6,000, அதில் ஆயிரத்தின் பாதி கணக்கில் ஏறும். மகளிடம் 400 என்றே சொல்லுங்கள். ரசீதுப் புத்தகத்தை மகளையே வாங்கித் தரச் சொல்லுங்கள்.