லினக்ஸ் கெர்னல் மாட்யூல்: கேள்வி பதில்

மாட்யூலை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும், டிரைவர் போன்ற துண்டு) ஏற்ற இன்ஸ்மாட் கட்டளை கொடுத்தால் 'அன்நோன் சிம்பல்' என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கோப்பில் கோளாறு இல்லை. ஒரு மாட்யூலுக்குத் தேவைப்படும் சார்பு மாட்யூல்களைப் பற்றி இன்ஸ்மாட்டுக்கு எதுவும் தெரியாது; கொடுத்த கோப்பை மட்டும் ஏற்றப் பார்க்கும். சார்புகளையும் சேர்த்து ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நீங்களே கம்பைல் செய்த மாட்யூல் என்றால் முதலில் சார்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் டெப்மாட் -ஏ ஓட்டுங்கள்.

சவுண்ட் கார்டு சும்மா இருக்கும்போது 'டப்' என்று சத்தம். பவர்_சேவ் என்ற மின்சேமிப்பு பாராமீட்டரை (மாட்யூலின் அமைப்பு) எங்கே மாற்றுவது?

/எட்சி/மோட்ப்ரோப்.டி உள்ளே ஒரு கோப்பு. பெயர் எதுவும் இருக்கலாம், கடைசியில் .கான்ஃப் கட்டாயம், இல்லையென்றால் மோட்ப்ரோப் அதைத் திறந்தே பார்க்காது. உள்ளே ஒரே வரி:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0

ரீபூட் செய்துவிட்டு, /சிஸ்/மாட்யூல் அடியில் அந்த மாட்யூலின் பாராமீட்டர்ஸ் கோப்புறையில் பவர்_சேவ் கோப்பைப் படியுங்கள். 0 வந்தால் சரி. பாராமீட்டர் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் மாட்யூல் ஏறிவிடும். டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) மட்டும் 'அன்நோன் பாராமீட்டர்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். மோட்இன்ஃபோ -பி சரியான பெயர்களைக் காட்டும். டிரைவர் கெர்னலோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தால் இந்தக் கோப்பால் பயனில்லை. பூட் வரியில் மாட்யூல் பெயர், புள்ளி, பாராமீட்டர் என்று எழுத வேண்டும்.

நூவோவை (என்விடியா கார்டுகளுக்கான திறமூல டிரைவர்) பிளாக்லிஸ்ட் செய்தும், அதாவது ஏறாதபடி மோட்ப்ரோப்.டி கோப்பில் எழுதியும், ஏறிவிடுகிறது.

இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பித்தீர்களா? நூவோ அதற்குள்ளிருந்தே ஏறுகிறது; உங்கள் கோப்பின் நகல் அங்கே இல்லை. டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. ஃபெடோராவில் டிராகட் -எஃப்.

எனக்கும் பிளாக்லிஸ்ட் வேலை செய்யவில்லை.

மேலே உள்ள பதில். இனிட்ராம்எஃப்எஸ்.

பிளாக்லிஸ்ட் போதுமே, 'இன்ஸ்டால் /பின்/ஃபால்ஸ்' எல்லாம் எதற்கு? எனக்கு ஒருமுறைகூடத் தேவைப்பட்டதில்லை.

வன்பொருளைப் பார்த்து யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் சேவை) தானாக ஏற்றுவதைத் தடுக்க பிளாக்லிஸ்ட் போதும். அது மாட்யூலின் அலையஸ்களை (வன்பொருளோடு பொருத்தும் மாற்றுப்பெயர்கள்) மட்டுமே புறக்கணிக்கச் சொல்கிறது. யாராவது பெயர் சொல்லி அழைத்தாலோ, இன்னொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தாலோ ஏறும். இன்ஸ்டால் வரி இருந்தால் மோட்ப்ரோப் மாட்யூலை ஏற்றாமல், 'தோல்வி' என்று மட்டும் சொல்லும் /பின்/ஃபால்ஸை ஓட்டும். மோட்ப்ரோப் -என் -வி என்று மாட்யூல் பெயரோடு கொடுத்துப் பாருங்கள்; ஏற்றாமல், செய்யப்போவதை மட்டும் காட்டும். பிளாக்லிஸ்ட் மட்டும் இருந்தால் திரையில் இன்ஸ்மாட் வரி வரும். இன்ஸ்டால் வரி இருந்தால் அங்கே /பின்/ஃபால்ஸ் நிற்கும்.

அப்படியானால் /பின்/ட்ரூ போடலாமே, பிழைச்செய்தி வராது.

வராது, அதுதான் தொல்லை. ஏறாத மாட்யூலை 'ஏறிவிட்டது' என்று அது பொய் சொல்லும். பிழை தெரிவதே நல்லது.

அப்போதும் ரூட் (நிர்வாகிக் கணக்கு) இன்ஸ்மாட் கொண்டு ஏற்றலாமே?

ஏற்றலாம். இன்ஸ்மாட் இந்தக் கோப்புகளைப் படிப்பதே இல்லை. அதையும் அடைக்க வேண்டுமானால் கெர்னல்.மாட்யூல்ஸ்_டிசேபிள்ட்=1 என்ற கெர்னல் அமைப்பு; அதன்பின் எந்த மாட்யூலும் ஏறாது. அடுத்த ரீபூட் வரை திரும்ப 0 ஆக்க முடியாது. பிறகு செருகும் யுஎஸ்பி டிரைவுக்கு மாட்யூல் தேவைப்பட்டாலும் ஏறாது, போடும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்'?

யுனேம் -ஆர் காட்டும் பதிப்பை மோட்இன்ஃபோ காட்டும் வெர்மேஜிக்கோடு (மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டது என்ற குறிப்பு) ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ஓடுகிற கெர்னலின் ஹெடர்களை நிறுவி மறுபடி கம்பைல். -எஃப் போட்டுத் திணிக்காதீர்கள்.

'ரெக்வயர்டு கீ நாட் அவைலபிள்'?

செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஏற்கும் பூட் பாதுகாப்பு. மாட்யூலில் கையொப்பமிட்ட சாவியை மாக்யூட்டில் --இம்போர்ட் கட்டளை மூலம் சேர்த்து, ரீபூட்டில் வரும் நீலத்திரையில் உறுதிசெய்ய வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

விண்டோஸில் வைஃபை வரவில்லை.

இது லினக்ஸ் பகுதி.

பிளாக்லிஸ்ட் கோப்பு எழுதினேன், பலனில்லை.

இனிட்ராம்எஃப்எஸ்.