பழைய பில்லிங் சர்வருக்கு எந்த லினக்ஸ்? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சென்ட்ஓஎஸ் (ரெட்ஹேட் நிறுவன லினக்ஸின் இலவச மறுபதிப்பு) புலம்பல்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கே: கடலூர் முதுநகரில் மளிகை மொத்த வியாபாரம். பில்லிங் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7. அப்டேட் கொடுத்தால் மிரர் (அப்டேட்களின் நகல் வைத்திருக்கும் சர்வர்) கிடைக்கவில்லை என்கிறது. நெட் கோளாறா?

நெட் மேல் தப்பில்லை. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்தது. மிரர் பட்டியல் தந்துவந்த சர்வரையும் நிறுத்திவிட்டார்கள். ரெப்போ, அதாவது மென்பொருள் இறக்கும் இடத்தின் முகவரியை 'வால்ட்' காப்பகத்துக்குத் திருப்பினால் பிழைச்செய்தி போய்விடும். ஆனால் அங்கே கிடப்பது பழசுதான், புதுப் பேட்ச் (ஓட்டையடைக்கும் திருத்தம்) எதுவும் வராது.

8-க்கு ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது 2021 கடைசியிலேயே முடிந்தது. அண்ணன் இருக்கத் தம்பி முந்திக்கொண்டான். அந்த இடத்தை நிரப்பத்தான் அதே ஆண்டு அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. இரண்டுமே ரெட்ஹேட்டோடு ஒத்துப்போகிறவை, உங்கள் கைப்பழக்கம் வீணாகாது. நான் உங்களுக்குச் சொல்வது அல்மா 9. 2032 மே வரை பேட்ச் வரும்.

அடுத்த பதிப்பான 10 ஏன் இல்லை? உங்கள் சர்வர் பெட்டியின் வயசுதான் காரணம். ராக்கி 10-க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசசர் வேண்டும். இன்டெலில் அது 2013-இல்தான் வந்தது. விலை குறைந்த பென்டியம், செலரான்களில் அதற்குப் பின்னும் பல வருஷம் கிடையாது. அல்மா 10-இல் பழைய பிராசசருக்கென்று தனிப் பதிப்பு உண்டு, ஆனால் கடைக்கு 9 போதும்.

ஒரே பயம் பில்லிங் சாஃப்ட்வேர்தான். அது பிஎச்பி மொழியில் எழுதியதென்றால், சென்ட்ஓஎஸ் 7-ஓடு வந்தது பிஎச்பி 5.4, அல்மா 9-இல் 8.0. பழைய கோடு கண்டிப்பாக எங்காவது உடையும். வேறொரு கணினியில் ஏற்றி ஒரு வாரம் பில் போட்டுப் பாருங்கள். சரியாக வந்த பிறகும் பழைய பெட்டியை அழிக்காமல் ஒரு மாதம் மூலையில் வையுங்கள். தீபாவளி நெருக்கத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கே: டெபியனா, உபுண்டுவா? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

எதைக் கற்றாலும் முக்கால்வாசி மற்றதும் வந்துவிடும், இரண்டிலும் மென்பொருள் ஏற்றுவது ஏபிடி என்ற கருவிதான். எனக்கு டெபியன் பிடிக்கும், ஸ்னாப் (உபுண்டுவின் தனி மென்பொருள் பொதி முறை) தொல்லை இல்லை. உபுண்டு எடுத்தால் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு மட்டும்.

கே: புயல் வந்தால் இரண்டு நாள் கரன்ட் இல்லை. இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) போட்டால் டேட்டா தப்புமா? (அரியாங்குப்பம்)

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது எங்கள் தெருவில் கேட்டது மழைச் சத்தமும் யுபிஎஸ்கள் கத்திய சத்தமும்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இசட்எஃப்எஸ் பழைய பிளாக்கின் மேல் எழுதாது, வேறிடத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் சுட்டியை மாற்றும். நடுவில் கரன்ட் போனால் முந்தைய நிலை அப்படியே இருக்கும். லினக்ஸில் வழக்கமாகப் போடும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) உண்டு, ஆனால் சாதாரணமாக அது காப்பது ஃபைல்சிஸ்டத்தின் கட்டமைப்பைத்தான், உள்ளே இருக்கும் கணக்கை அல்ல.

லினக்ஸ் போலவே யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டியில் 2008 முதல் இசட்எஃப்எஸ் உள்ளேயே வருகிறது. லினக்ஸில் லைசென்ஸ் சிக்கலால் கெர்னலோடு (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சேராது. உபுண்டு தயார் மாட்யூலாகத் தருகிறது, டெபியனில் அது உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகவேண்டும்.

ஆனால் இதைவிட முதலில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை சர்வரில் செருகி, யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் 'நட்' என்ற மென்பொருளைப் போடுங்கள். பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணையும். அந்த கேபிளை யுபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியிலேயே சுருட்டி வைத்திருக்கும் ஆபீஸ்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

கே: ஃப்ரீபிஎஸ்டி படித்தால் வேலை கிடைக்குமா?

நம்ம ஊரில் அதை மட்டும் வைத்துக் கஷ்டம். டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்பில் ஓட்டும் கருவி) கேட்பார்கள், அதற்கு லினக்ஸ் கெர்னல் வேண்டும். ஆனால் அதே மாதிரி அடைப்பை ஜெயில் என்ற பெயரில் ஃப்ரீபிஎஸ்டி 2000-இலேயே செய்ததைப் பார்த்துவிட்டு கன்டெய்னர் படித்தால் சீக்கிரம் புரியும். நெட்ஃபிளிக்ஸ் வீடியோ அனுப்பும் சர்வர்கள் ஓடுவதும் ஃப்ரீபிஎஸ்டியில்தான். லினக்ஸைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதை ஞாயிற்றுக்கிழமைக்கு.