எரிபொருளா, உணவா? செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி வாசகர்: என் 2012 மாடல் காரில் இ20 பெட்ரோலால் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மைலேஜ் குறைகிறது. வரியும் கூடுதலாகக் கட்டுகிறேனா?

ஆமாம். எத்தனால் என்பது தானியம், கரும்பிலிருந்து எடுக்கும் எரிசாராயம். லிட்டர் கணக்கில் அதன் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021 நிதி ஆயோக் அறிக்கையே கணித்தது. மாதம் 40 லிட்டர் போட்டவருக்கு இனி 42.5 லிட்டர் வேண்டும். 2021 ஆகஸ்ட் குறைப்புக்குப் பின் தமிழக வாட் வரி 13 சதவீதமும் லிட்டருக்கு ரூ.11.52-ம். அந்த ரூ.11.52 மட்டுமே உங்களுக்கு மாதம் ரூ.28.80 கூடுகிறது, மத்திய கலால் தனி. மைலேஜ் மேலும் குறையாமலிருக்க, டயர் காற்றை வண்டி ஓடாத காலை நேரத்தில், கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: பூர்வீக வீட்டில் கார்புரேட்டர் கார் நிற்கிறது. கல்யாணம், திருவிழாவுக்குத்தான் எடுப்போம். என்ன கவனம் தேவை?

இதுதான் இ20-க்கு மிக மோசமான நிலைமை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை டேங்கோடு நின்றால், ஈரம் அளவு மீறியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்க் துருப்பிடிக்கும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைக்கும்.

மாதக்கணக்கில் நிறுத்துமுன் டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் அடித்திருகைக் கழற்றி மிச்சத்தையும் வடியுங்கள். ஒவ்வொரு முறையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியபின், திறந்த வெளியில் வடிப்பது முக்கியம்; இன்ஜினை ஓடவிடும்போது மட்டும் அதை மாட்டுங்கள். வடிக்காமல் விட்டிருந்தால், அடியிலிருந்து அரை லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுவதையும் வடிக்கவேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. பழைய ரப்பர் குழாய்களுக்குப் பதில் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் குழாய் போடுங்கள். ஓட்டியபின் ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகர்: எத்தனாலுக்காக நெல்லை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறலாமா?

கண்மாய் ஆயக்கட்டில், மழைக்காலத்தில் வேண்டாம். தண்ணீர் தேங்கினால் மக்காச்சோள வேர் அழுகும். நெல் அறுத்தபின் தை மாதம், கிணறு உள்ளவர்கள் போடலாம். வீரிய ஒட்டு விதை ஏக்கருக்கு 8 கிலோ. இடைவெளி 60-க்கு 25 சென்டிமீட்டர். முளைத்ததிலிருந்தே குருத்தில் படைப்புழுவைத் தேடுங்கள்.

எத்தனாலை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கொள்கை மழையோடு சேர்ந்து மாறுகிறது: 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியது, டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2024-இல் இரண்டும் தளர்ந்தன. நாமக்கல் கோழித்தீவனச் சந்தை எப்போதும் இருக்கும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் காயவைத்தால் அங்கே விற்கலாம்.

திருப்பத்தூர் வாசகர்: ஒரு டேங்கில் எவ்வளவு தானியம் போகிறது?

டன் அரிசியிலிருந்து சுமார் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 40 லிட்டர் இ20-இல் 8 லிட்டர் எத்தனால். அது முழுக்க அரிசியிலிருந்து வந்தால் 18 கிலோ. ஒப்பிட்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷனில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். மக்காச்சோளமென்றால் 21 கிலோ. இரண்டிலும் எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்பும். உடைந்த, கெட்டுப்போன தானியத்தையும் கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸையும் முதலில் எடுப்பதே நியாயம்.