கோன்மையும் செங்கோன்மையும்: கொங்கு அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெருந்துறைத் தம்பி: ஐயா, 'செங்கோன்மை'யைத் தேர்வில் பிரிச்சு எழுதச் சொன்னா செங்கோன் + மையா, செங்கோல் + மையாங்க? ரெண்டு விதமாவும் சொல்லித் தர்றாங்க.

செங்கோல் + மை. நல் + மை 'நன்மை' ஆவதுபோல, மகரம் வந்ததும் லகரம் னகரமாகிறது. 'கோன்மை' என்று தனியாக வந்தால் அது கோன் + மை; அரசனாயிருக்கும் தன்மை, அரசாட்சி என்று பொருள். உருவம் ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56. அரசன் செலுத்தும் முறை ஒரு பக்கமும் கோணாமல் செவ்விய கோல்போல் இருப்பதால் செங்கோல் எனப்பட்டது என்று உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் சொல்கிறார். ஆகவே 'செம்' என்பது இங்கே சிவப்பு அல்ல, நேர். 'கொடு' என்பது வளைவு. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் செருகியிருக்கும் கொடுவாளை எடுத்துப் பாருங்கள் தம்பி, முனை எப்படி வளைந்திருக்கிறது! அந்த வளைவுதான் கொடுங்கோலிலும். கொடுமை என்றதும் இன்று நமக்குக் கொடூரம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் காலத்துக் காதுக்குக் கோணல் முதலில் கேட்டிருக்கும். 'வேலன்று வென்றி தருவது மன்னவன் கோலதூஉங் கோடா தெனின்' என்ற குறளில் 'கோடாது' என்றால் வளையாது.

காங்கேயம் அம்மணி: இன்னைக்கு நடக்கிற அரசாங்கத்தைச் செங்கோன்மைன்னு எழுதலாமுங்களா?

மேடையில் பாராட்டாகச் சொல்லலாம். கட்டுரையில் 'நல்லாட்சி' போதும் அம்மணி. செங்கோல் முடியாட்சியோடு சேர்ந்தது.

அவிநாசி அன்பர்: எங்க பக்கம் சர்க்கார் பெரியபாளையம், சர்க்கார் சாமக்குளம்னு ஊர்ப் பேரு இருக்குதுங்களே, அதுவும் அரசுதானுங்களா?

அதே பொருள்தான், பாரசீகத்திலிருந்து வந்த சொல். வரி நேராக அரசுக்குப் போன ஊர் என்பதைக் காட்டும் அடைமொழி. சாமக்குளத்துக்குப் பக்கத்திலேயே அக்ரகார சாமக்குளம் இருக்கிறது பாருங்கள். ஒன்று சர்க்காருக்கு, மற்றொன்று பிராமணருக்கு விட்ட மானியத்துக்கு. பழைய நிலவரி முறை ஊர்ப் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த முன்னொட்டை 'எஸ்.' என்று சுருக்கிப் பலகை எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு அது வெறும் எழுத்தாகிவிடும்.

வேலாயுதம்பாளையம் தம்பி: ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுல 'கோ'ன்னு வருதாமே. கோன்மையும் இருக்குதுங்களா?

கோன்மை இல்லை. ஆனால் அரசன் என்று பொருள்படும் 'கோ' பரம்பரையாகவே இருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ 'இளங்கோ' ஆனபோது சமணத் துறவி ஒருவருக்கு வெட்டிக் கொடுத்த கல் படுக்கை அது. இங்கே 'இளங்கோ' ஆளின் பெயரல்ல, இளவரசன் என்ற பதவி. உங்கள் ஊர் மலை தம்பி; நேரில் ஏறிப் போய்த் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தைப் பாருங்கள். தொடாதீர்கள், சுண்ணாம்பு பூசிப் படமெடுக்காதீர்கள்.

கரூர் அன்பர்: கல்வெட்டுல 'கோநேரின்மைகொண்டான்'னு வருதுங்க. அது எந்த ராஜாங்க?

தனி ஒருவர் பெயரல்ல. கோ + நேர் + இன்மை + கொண்டான்: தனக்கு நேரான அரசன் இல்லாதவன். சோழரும் பாண்டியரும் கொங்குச் சோழரும் அரசாணைகளில் இட்டுக்கொண்ட பட்டம் இது. இதை மட்டும் வைத்து இன்ன அரசன் என்று முடிவு கட்டக் கூடாது.

உங்கள் ஊர்ப் பசுபதீசுவரர் கோயிலிலேயே இந்தப் பட்டத்தோடு ஓர் ஆணை இருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு, அதாவது கைவினைஞருக்கு, எழுதியது. 15ஆவது ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் அவர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு (கல்யாணம், சாவு) இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம். வீட்டுக்குச் சாந்து பூசலாம்.

நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். கோயில் கட்டிய கொத்தனும், சிலை வடித்த தச்சனும், திருவாபரணம் செய்த தட்டானும் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசன் ஆணை வேண்டியிருந்தது! அதுவரை அந்த உரிமை அவர்களுக்கு இல்லை என்பதும் இதே ஆணையிலிருந்து தெரிகிறது. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்திகளில் எத்தனையோ வெற்றிகளைப் படித்திருக்கிறேன். அரசாட்சி என்றால் குடியானவன் வாசல்படியில் என்னவாக இருந்தது என்று எனக்குப் புரியவைத்தது இந்த ஆணைதான். கொங்கு வரலாறு எழுதுவோர் போர்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

கோபி அன்பர்: கொடுங்கோன்மைன்னா குடிகளைக் கொல்றதுதானுங்களே?

அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு' என்கிறது குறள். கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, கள்வன் வழியில் வேலோடு மறித்து 'கொடு' என்பது போன்றது. 'இரவு' என்பது இங்கே ராத்திரி அல்ல, இரத்தல். முறையான இறையை, அதாவது வரியை, இது குறிக்கவில்லை. அதற்கு மேல், மறுக்க முடியாதவனிடம் நயமாகக் கேட்டு வாங்குவதையே சொல்கிறது. 'அன்பளிப்பு' என்று பெயர் வைத்துக் கேட்டாலும் இந்தக் குறளுக்குள் அடங்கும்.